பறவூர் குடிக்கணக்கு

காலண்டர் சீசன் முடிந்து அச்சகங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாசி மாதத்தில்தான் அந்த ஆர்டர் சிவகாசிக்கு வந்தது. மிஷின் சும்மா நிற்பதைவிட எதையாவது அடிக்கட்டும் என்று சீனிவாசகம் அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு வரைக்கும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எர்ணாகுளத்திலிருந்து மிரியம் டீச்சர் என்ற எழுபது வயதுப் பெண்மணி ஒரு சூட்கேஸ் நிறையக் காகிதத்தோடு வந்து இறங்கி, "ஐந்நூறு புத்தகம் மதி, அது போதும். ஆனா நல்லாத் தைச்சுத் தரணும். பசை போட்டு ஒட்டினா எனக்கு வேண்டாம்" என்றார். அண்ணாச்சி பைண்டிங் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் சம்சுவைக் கூப்பிட்டு விட்டார்.

சம்சு அந்த அச்சகத்தில் மீசை முளைக்கும்போது சேர்ந்தவர். இப்போது தாடி நரைத்துவிட்டது. பக்க வரிசை சரிபார்க்க டீச்சரோடு உட்கார்ந்தவர், பேச்சுக்குக் கேட்டார்.

"நீங்க எந்தச் சபை டீச்சர்? சி.எஸ்.ஐ-யா, ஆர்.சி-யா?"

"ரெண்டும் இல்ல. நான் யூதத்தி."

சம்சு கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லை அவர் டிவி செய்தியில்தான் கேட்டிருந்தார். எதிரே இருந்தவரோ கைத்தறிச் சேலையின் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மலையாளத்துலயா யூதரு இருக்காக?"

"இருந்தாங்க. நூத்துக்கணக்குல வருசம் இருந்தாங்க. இப்போ விரல் விட்டு எண்ணலாம். அதுக்குத்தான் இந்தப் புத்தகம்."

திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கில், கொச்சிக்குப் பக்கத்துப் பறவூரின் யூதத் தெரு வீடுகளை மட்டும் நகலெடுத்த பக்கங்கள் அவை. டீச்சரின் அப்பா கடைசிக் கணக்கெடுப்பில் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய ஏடுகளை நனைந்த தாலுகா அலுவலகத்திலிருந்து மீட்டுக் கையாலேயே பெயர்த்து எழுதி வைத்திருந்தார். வீட்டு எண், குடும்பத் தலைவர், வயது, தொழில், பிள்ளைகள், ஊனம். டீச்சர் மலையாள எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னார். "ஏலியாகு, நாற்பத்திரண்டு வயது, முட்டை வியாபாரம். மனைவி எஸ்தர். பிள்ளைங்க அஞ்சு, ஒண்ணுக்குக் காது கேக்காது. அடுத்த வீடு, மோசே. புத்தகம் தைக்கிறவர்."

"நம்ம தொழிலா?" என்று சம்சு சிரித்தார்.

"ஆமா. அவருக்கு ஆஸ்துமா இருந்துச்சு. அப்பா ஓரத்துல எழுதி வெச்சிருக்கார்."

ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் அதே தெரு, அதே வீடுகள். குழந்தை வாலிபனாகி, வாலிபன் தலைவனாகி வந்துகொண்டே இருந்தார்கள். கடைசிப் பக்கங்கள் டீச்சரே பின்னாளில் போய் எழுதிச் சேர்த்தவை. அங்கே வீட்டு எண்ணுக்கு நேராக, 'பூட்டியிருக்கிறது', 'பூட்டியிருக்கிறது', 'நாயர் வாங்கிவிட்டார்', 'பூட்டியிருக்கிறது' என்று மட்டும் இருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று சம்சு அன்று கேட்கவில்லை. பதினாறு பக்கம் சேர்ந்த பாரம் எத்தனை வரும் என்ற கணக்கில் இருந்தார்.

அட்டையில் பறவூர் ஜெபாலயக் கதவில் செதுக்கியிருந்த ஆறுமுனை நட்சத்திரம் வரவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அச்சகத்தில் தருண்குமார், தவுபிக் என்று இரண்டு இளவட்டங்கள். தருண்குமார் கட்டிங் மிஷினில் நின்றான். தவுபிக், சம்சுவின் தங்கை முஹ்சினாவின் மகன். மடிப்பு மிஷினில் நின்றான். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். திருத்தங்கலிலிருந்து ஒரே பைக்கில் வருவார்கள், ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்பார்கள். போன வருடத்திலிருந்து அது குறைந்துபோயிற்று. காசாவில் இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து பிள்ளைகளை இழுத்தெடுக்கும் வீடியோக்களைத் தவுபிக் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு காய்ந்து போகும். தருண்குமாரின் அண்ணன் ராஜபாண்டியன் இருந்த வாட்சப் குரூப்பில் அதே குண்டுகளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தருண்குமாருக்கு அந்தச் சண்டை எந்தத் திசையில் நடக்கிறது என்றுகூடத் தெரியாது. அண்ணன் அனுப்பியதை அவனும் அனுப்புவான்.

குண்டு போடுகிற நாட்டின் கொடியில் இருப்பதும் அதே ஆறுமுனை நட்சத்திரம்தான். அட்டை முதல் தாள் அடித்து வந்த அன்று தருண்குமார் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். 'நம்ம கம்பெனி தயாரிப்பு. எரியுறவுக பர்னால் வாங்கித் தடவிக்கோங்க' என்று கீழே எழுதியிருந்தான்.

தவுபிக் போனை மூடிவிட்டு நேராக மிஷின் அறைக்குப் போனான். அட்டைக்கான பிளேட்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து முழங்காலில் வைத்து மடக்கினான். அலுமினியத் தகடு வாழை இலை மாதிரி மடங்கியது. பின்னாலேயே ஓடிவந்த தருண்குமார் அவன் பிடரியில் அறைந்தான்.

"ஏலே, முதலாளி பிளேட்டுலே அது!"

"உங்க அண்ணன் கிட்ட சொல்லி இன்னொண்ணு வாங்கிக்கலே. குண்டு போடுறவனுக்குக் கொடி பிடிக்கிற நாயி."

இருவரும் ரீம் கட்டுகளுக்கு நடுவில் விழுந்தார்கள். தவுபிக்கின் உதடு கிழிந்தது. தருண்குமாரின் தலையைப் பிடித்துத் தரையில் மோதினான் தவுபிக். பைண்டிங் பகுதிப் பெண்கள் அலறினார்கள். சம்சு ஓடிவந்து மருமகனை இழுத்தார். அவன் திமிறி மறுபடியும் பாய்ந்தான். சம்சு கை ஓங்கி, மொத்த அச்சகமும் பார்த்திருக்க, அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். ரத்தம் அவர் உள்ளங்கையிலும் ஒட்டியது.

"மன்னிப்புக் கேளுலே."

"அவன் எளுதுனதப் பாத்தீகளா மாமா?"

"கேளுன்னேன்!"

தவுபிக் கேட்டான். தருண்குமாரின் முகத்தைப் பார்க்காமல், அண்ணாச்சியின் செருப்பைப் பார்த்துக் கேட்டான். ஸ்டேட்டஸை அழிக்கச் சொல்லித் தருண்குமாரிடம் யாரும் சொல்லவில்லை. சம்சுவும் சொல்லவில்லை. ஊரில் வேலையும் வேண்டும், மானமும் வேண்டும் என்றால் முதலில் தன் வீட்டுப் பிள்ளையை அடித்துக் காட்டிவிட வேண்டும் என்பது அவர் பழகிய வழி.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, தருண்குமார் மடித்த பாரங்களை ஓரம் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த மிஷினில் கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். கை கத்திக்கு அடியில் இருந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். வேலை வேகமாக நடக்க, ஒரு பொத்தானில் மடித்த அட்டையைச் செருகி எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். அண்ணாச்சிக்கும் அது தெரியும். சம்சுவுக்கும் தெரியும்.

தவுபிக் அடுத்த கட்டைக் கொண்டுவந்து மேடையில் தொப்பென்று போட்டான். தருண்குமார் இடது கையை உள்ளே விட்டு அடுக்கைச் சீர்ப்படுத்திக்கொண்டே சிரித்தான்.

"கன்னம் இன்னும் செவப்பா இருக்கே. உங்க மாமனுக்கு நல்ல கை."

சம்சு நான்கடி தள்ளி நூல் கண்டோடு நின்றிருந்தார். அவர் பார்த்தார். தவுபிக்கின் கண் தருண்குமாரின் முகத்துக்குப் போனது. பிறகு கீழே, கத்திக்கு அடியில் இருந்த கைக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. அப்புறம்தான் அவன் கை மற்றப் பொத்தானில் இறங்கியது.

கத்தி எப்போதும் போடும் சத்தத்தைத்தான் போட்டது. தருண்குமார் உடனே கத்தவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தான். மூன்று விரல்கள் இல்லை. ரத்தம் வெள்ளைத் தாள்மீது பீய்ச்சி அடித்தது. பெயர்கள் இருந்த பக்கங்கள், வீட்டு எண்கள், வயது, தொழில் எல்லாம் நனைந்தன. அதன் பிறகுதான் அவன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தெருவில் நின்ற லோடுமேன்கள் உள்ளே ஓடி வந்தார்கள்.

தவுபிக் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் நின்றான்.

சம்சு தன் தோள் துண்டைக் கிழித்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார். கத்திக்குப் பின்னால் தாள்களுக்கு நடுவில் கிடந்த விரல்களைத் தேடி எடுத்தார். இரண்டு உடனே கிடைத்தன. சுண்டுவிரல் மேடைக்கு அடியில் போய்க் கிடந்தது. எதிர்க்கடை ரோஸ்மில்க்காரரிடம் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் போட்டு, அண்ணாச்சியின் காரில் ஏறினார். மதுரைக்குப் போகும் வழியெல்லாம் தருண்குமாரின் தலை அவர் மடியில் கிடந்தது.

"பாய், விரலு இருக்கா?"

"இருக்குய்யா. எங்கிட்டத்தான் இருக்கு. கண்ண மூடிக்க."

"பாய், அவன் வேணும்னு அமுக்குனான்."

சம்சு மணிக்கட்டுக் கட்டை இன்னும் இறுக்கினார்.

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீக."

"பேசாத. ரத்தம் போகும்."

மதுரையில் ஒரு விரலைத்தான் ஒட்ட முடிந்தது. மற்ற இரண்டும் நசுங்கிவிட்டன என்றார் டாக்டர். சம்சு பையில் மிச்சமிருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் வராந்தாவில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் திரும்பி வருவதற்குள் அச்சகத்தில் மேடையைக் கழுவியிருந்தார்கள். பொத்தானில் இருந்த அட்டையை அண்ணாச்சி தன் கையாலேயே எடுத்துக் குப்பையில் போட்டிருந்தார்.

"போலீசு வந்துச்சு சம்சு. மிஷின்ல கை பட்டுருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீயும் அதையே சொல்லிரு. நம்ம பய வாழ்க்கையும் போகக் கூடாது, கம்பெனியும் மூடக் கூடாது."

'நம்ம பய' என்று அவர் தவுபிக்கைத்தான் சொன்னார். அந்த வார்த்தை சம்சுவுக்குப் பெரிய உதவியாகத் தெரிந்தது. "சரி அண்ணாச்சி" என்றார்.

ராஜபாண்டியன் எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவன். பேன்சி ரக வாணவெடிக்கு மருந்து செலுத்துவதில் கை தேர்ந்தவன் என்று பெயர். மருத்துவமனையில் தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, அவன் வாயாலேயே நடந்ததைக் கேட்டுவிட்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்தான். அடுத்த நாள் சாயங்காலம், மஃரிபு பாங்கு சொல்லி முடித்த நேரம், ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டி சம்சுவின் தெருவில் வந்து நின்றது. ராஜபாண்டியனும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

சம்சுவின் வீட்டுப் பின்கட்டில்தான் முஹ்சினாவும் மகனும் குடியிருந்தார்கள். தவுபிக்கைத் தேடித்தான் வந்தார்கள். அவனோ அச்சங்குளத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் ஒளிந்திருந்தான். சம்சு பள்ளிவாசலில் இருந்தார்.

"எங்கலே அந்தத் தவுபிக்கு? வெளிய வரச் சொல்லு!"

கதவைத் திறந்தது சம்சுவின் மனைவி சம்சாத். தொழுகைக்காக உளூ செய்து முகம் ஈரமாக இருந்தது.

"அவன் இங்கன இல்லப்பா. நீ தருண் தம்பியோட அண்ணந்தானே? உள்ள வா, இருந்து பேசுவோம்."

ராஜபாண்டியன் ஒரு கணம் தயங்கினான் என்று எதிர்வீட்டார் பிறகு சொன்னார்கள். பக்கத்தில் நின்றவன்தான் திரியைப் பற்ற வைத்தான் என்றும் சொன்னார்கள். வானத்தில் போய்ப் பூப்பூவாக விரிய வேண்டிய வெடிப்பெட்டியை அவர்கள் தரையில் படுக்க வைத்து, அதன் வாயை வாசலுக்கு நேராகத் திருப்பியிருந்தார்கள். முதல் குண்டு நிலைப்படியில் பட்டு வெடித்தது. இரண்டாவது நடுக்கூடத்துக்குள் போய்ப் பச்சையும் சிவப்புமாகச் சிதறியது. மூன்றாவது சம்சாத்தின் முகத்தில் பட்டது.

அதன் பிறகும் பெட்டி நிற்கவில்லை. உள்ளே எத்தனை இருந்ததோ அத்தனையும் போய் விழுந்தது. துணிக்கொடி எரிந்தது, மெத்தை எரிந்தது. முஹ்சினா பின்கட்டிலிருந்து ஓடி வந்து, எரிந்துகொண்டிருந்த அண்ணியை ஈரச் சாக்கால் போர்த்தி, தெருவுக்கு இழுத்து வந்தாள். அவளுடைய இரண்டு கையும் கொப்பளித்துப் போயின. அந்தப் புகைக்குள் குட்டி யானை போய்விட்டது.

பள்ளிவாசலில் இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்று முதலில் நினைத்தார்கள். சம்சுவும் அப்படித்தான் நினைத்தார்.

சம்சாத்தின் வலது கண் போய்விட்டது. முகத்தின் அந்தப் பக்கமும் கழுத்தும் வெந்திருந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் தருண்குமார் கீழ்த்தளத்தில் இருந்தான். சம்சாத் மேல்தளத்தில் இருந்தாள். சம்சு மாடிப்படியில் ஏறும்போது ஒருமுறை தருண்குமாரின் அம்மா எதிரே வந்தார். இருவரும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள்.

ஊரில் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. கடைகளை அடைத்தார்கள். ஒரு பிரியாணிக் கடையின் கண்ணாடியை உடைத்தார்கள். பதிலுக்கு ஒரு பைக்கைக் கொளுத்தினார்கள். தெருமுனையில் போலீஸ் வேன் நின்றது. அதன் பிறகு பெரியவர்கள் கூடினார்கள். ஜமாத்திலிருந்து இருவர், தருண்குமார் தரப்பில் ஊர்க்காரர்கள் இருவர், நடுவில் சீனிவாசகம் அண்ணாச்சி, ஒரு வக்கீல். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசி முடித்தார்கள். கை போனது மிஷின் கோளாறு. கண் போனது யாரோ விட்ட வெடி தவறி வந்து விழுந்தது. இரண்டு பேருடைய வைத்தியத்தையும் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். யாரும் யார் மேலேயும் புகார் கொடுப்பதில்லை.

"ஊரு அமைதியாப் போயிரும் பாய்" என்றார் வக்கீல். "நீங்க ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போட்டாப் போதும். அங்க சாட்சி நீங்க, இங்க புருசன் நீங்க."

ராஜபாண்டியனும் அங்கே நின்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சம்சுவுக்கு அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பேனாவை வாங்கிக்கொண்டு, "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாறேன்" என்று வார்டுக்குள் போனார்.

சம்சாத் கட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"என்ன எளுதியிருக்காக?"

அவர் சொன்னார்.

"தவறி விளுந்ததா?" அவளுக்கு உதட்டை அசைக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நான் அவன உள்ள வான்னு கூப்பிட்டேங்க. அவன் என்னப் பாத்தான். பாத்துட்டுத்தான் பெட்டியத் திருப்புனாக. தவறி விளுந்ததுன்னு எளுதப் போறீகளா?"

"தவுபிக்கு உள்ள போயிருவான் சம்சாத்."

"அவன் வேணும்னு செஞ்சானா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவர் அவளிடம் சொன்னார். அந்தக் கண் கீழே போனதையும், நின்றதையும், அதன் பிறகு கை இறங்கியதையும் சொன்னார். ஊருக்குக் காட்டுவதற்காக மருமகனை அறைந்ததையும், தருணை ஒரு வார்த்தை கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

சம்சாத் ஒற்றைக் கண்ணை மூடித் திறந்தாள். "அப்ப ரெண்டையும் சொல்லுங்க" என்றாள் கடைசியில். "எனக்கு நடந்தத மட்டும் சொன்னா எவன் நம்புவான்? அந்தப் பயலோட கையும் தவறிப் போகலையே."

சம்சு வெளியே வந்து பேனாவை வக்கீலிடம் திருப்பிக் கொடுத்தார். அன்றே பஸ் பிடித்து சிவகாசி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ராஜபாண்டியன் வாசலில் வெடி விட்டதைச் சொன்னார். தவுபிக் பார்த்துவிட்டு அழுத்தியதைச் சொன்னார். பொத்தானில் செருகியிருந்த அட்டையைச் சொன்னார். தனக்கும் அது தெரியும் என்றும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிறுத்தி, "ஓய், யோசிச்சுத்தான் சொல்றீரா? எல்லாரையும் ஒரே நாள்ல பகைச்சுக்கிறீரே" என்றார்.

"எளுதுங்க சார்" என்றார் சம்சு.

தவுபிக்கை அச்சங்குளத்திலும் ராஜபாண்டியனை ஆலை வேனிலிருந்து இறங்கும்போதும் பிடித்தார்கள். அன்று இரவே முஹ்சினா தன் சாமான்களை எடுத்துக்கொண்டு பின்கட்டைக் காலி செய்தாள். கட்டுப் போட்ட கைகளால் பாத்திரங்களைத் தூக்கினாள். உதவப் போன சம்சுவின் முகத்தில் காறித் துப்பினாள்.

"என் புருசன் மௌத்தாகி அடக்கம் பண்ணுனப்ப எம்புள்ளைக்கு நீங்கதான் அத்தா மாதிரின்னு சொன்னீகளே. அத்தா செய்யிற வேலையாண்ணே இது? உங்க பொண்டாட்டிய நெருப்புலருந்து இழுத்தது இந்தக் கைதான்."

சம்சு துடைத்துக்கொள்ளவில்லை. ஜமாத்தில் அவரோடு பேச்சைக் குறைத்தார்கள். எதிர்ப்பக்கம் அவரை நல்லவர் என்று சொல்லத் தொடங்கியது. அது அதைவிடக் கசந்தது. அச்சகத்தின் கட்டிங் மிஷினுக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "நீ இனிமே வர வேண்டாம் சம்சு" என்று மட்டும் சொல்லிவிட்டார்.

விருதுநகரில் நோட்டுப் புத்தகம் போடும் ஒரு சிறிய கடையில் சம்சுவுக்கு வேலை கிடைத்தது. மிரியம் டீச்சர் அங்கே தேடி வந்தார். செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. வந்ததும் முதலில் சம்சாத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் சம்சுவிடம் சொன்னார்.

"இந்தப் புத்தகமே வேண்டாம்னு வெச்சிருவோம். அப்பா பெட்டியிலேயே கிடக்கட்டும்."

"அடிச்சது அடிச்சாச்சு டீச்சர். கெட்டுப்போன பாரத்த மட்டும் திருப்பி அடிக்கணும். தையல நான் போட்டுத் தாறேன்."

"அப்போ அட்டையில நட்சத்திரம் வேண்டாம். வெறும் எழுத்துப் போதும்."

இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும் என சம்சுவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. மனதுக்குள் பாரம் இறங்கியது போலிருந்தது. அப்படி இறங்கியது அவருக்கே பிடிக்கவில்லை. வேலை முடிந்த நேரங்களில் ஒவ்வொரு புத்தகமாகத் தைத்தார். அடுக்கிய பாரங்களைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீடு கண்ணில் பட்டது. மலையாள எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் டீச்சர் வாசித்துக் காட்டிய வரிசை நினைவிருந்தது. தகப்பன், தாய், பிள்ளைகள், தொழில். ஐந்நூறையும் முடித்து லாரி சர்வீஸில் போட்டு அனுப்பினார்.

வைகாசியில் மனுப் போட்டு மதுரை சிறைக்குப் போனார். இரண்டு முறை தவுபிக் பார்க்க மறுத்துவிட்டான். மூன்றாவது முறை வந்தான். மெலிந்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க பாத்தீகன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றான். "பொய் சொல்லிட்டீகன்னு கோர்ட்டுல சொல்லலாம்னு வக்கீலு சொல்றாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை."

"உன் இஷ்டம்."

"மாமி எப்படி இருக்காக?"

"நடக்குறா. ஒரு பக்கம் தெரியாததுனால எதுலயாவது இடிச்சுக்கிறா."

தவுபிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தருணு?" என்றான்.

"ஒட்டுன விரல மடக்கிப் பளகுறான். டம்ளர் பிடிக்க வருதாம்."

"அந்தப் புக்குல என்னதான் மாமா இருந்துச்சு?"

"ஒரு தெருவுல குடியிருந்த ஆளுக பேரு. முட்டை வித்தவன், மீன் வித்தவன், புக்குத் தைச்சவன். இன்ன வயசு, இத்தனை புள்ளைக. அம்புட்டுத்தான்."

"அவுகள்லாம் எங்க?"

"போயிட்டாக. கப்பலேறி."

"அடிச்சு விரட்டுனாகளா?"

"இல்ல. டீச்சர்ட்ட நானும் அப்படித்தான் கேட்டேன். அவுகள யாரும் ஒரு நாளும் கை நீட்டலையாம். கோயிலு கட்ட ராஜா எடம் குடுத்தாராம். தெரு முனையில அந்த ஊரு முஸ்லிமு மாப்பிளமாரு கடை, அதுக்கு அடுத்து இவுக கடை. போறன்னைக்கு ஊரே படகுத்துறைக்கு வந்து அளுதுச்சாம்."

"போனது எந்த ஊருக்கு?"

சம்சு தயங்கினார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தார்.

"நீ நினைக்கிற அதே ஊருக்குத்தான்."

தவுபிக் சிரித்தான். அது சிரிப்பாக ஆரம்பித்து வேறு ஏதோவாக மாறியது. "அப்ப அங்கன போயி அவுகளும்..." என்றவன் முடிக்கவில்லை. "அங்கன இருந்தவுகள யாரு எண்ணி வச்சிருக்கா மாமா? நான் பார்த்த புள்ளைக பேரு எந்தப் புக்குல இருக்கு?"

அவன் கேட்டது சரியான கேள்வி என்று சம்சுவுக்குத் தெரிந்தது. அந்தக் கேள்விக்கும் தருண்குமாரின் விரல்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தார். அவன் கண்ணைப் பார்த்தபோது அதை அவனே தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பட்டது. கேட்கவில்லை.

"நான் அன்னைக்கு உன்ன அடிச்சிருக்கக் கூடாதுலே" என்றார். "அடிச்சாலும் ரெண்டு பேரையும் அடிச்சிருக்கணும்."

காவலர் நேரம் முடிந்தது என்று கம்பியைத் தட்டினார். தவுபிக் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மெதுவாகத்தான் போனான்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் முஹ்சினா உட்கார்ந்திருந்தாள். அடுத்த பெயர் அவளுடையது. கைகளில் தோல் ரோஸ் நிறத்தில் புதிதாக வளர்ந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்சு அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். அவள் எழுந்து போகவில்லை.

"சாப்பிடுறானான்னு கேட்டீகளா?" என்றாள், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

"கேக்கலை."

"என்னதான் பேசுனீக அம்புட்டு நேரம்?"

அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சம்சு ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் திரும்பி வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார்.